ஞாயிறு ஆறு மணி யாருடைய நேரம்?

"சார், ஆறு மணிக்கு வெச்சா அது உங்க போட்டி. பதினொரு மணிக்கு வெச்சா என் போட்டி. ரெண்டுக்கும் பொதுவா ஒரு நேரம் எங்க வீட்ல கிடையாது."

எங்கள் செஸ் குழுவில் இருக்கும் தென்காசி டீச்சர் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டபோது நான் வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளியே தூறல், கையில் போன், தட்டில் சூடாக பஜ்ஜி. இதைவிட செஸ் ஆடத் தோதான நேரம் உண்டா என்ற எண்ணத்தில்தான் அந்த மாதச் சவாலை ஞாயிறு ஆறு மணிக்கு வைத்திருந்தேன். பஜ்ஜியைச் சுட்டது யார் என்ற கேள்வி இரண்டு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

நாங்கள் ஆடுவது லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில். திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சு நிரலாளர் 2010ல் தொடங்கியது. கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, நிரல் மொத்தமும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் அங்கே ஓர் அணியைத் தொடங்கலாம். எங்கள் அணியில் அறுபது பேர் போல இருக்கிறோம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் (எல்லோருக்கும் அவர் பேங்க் சார்), நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவர், கோவையில் ஒரு மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ், தேனியில் பத்தாவது படிக்கும் பையன், மேலே சொன்ன டீச்சர், இப்படி. பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததில்லை. குழு மூன்று மாதமாக வெறும் குட்மார்னிங் படங்களாக மாறிக்கொண்டிருந்ததால் மாதம் ஒரு சவால் வைக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் தலையில்தானே கட்டுவார்கள்.

முதல் மாதச் சவால் படு சுலபம்: மாதத்தில் யார் அதிக ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவருக்கு 500 ரூபாய் புத்தகக் கூப்பன். எல்லோருக்கும் ஒரே விதி, எண்ணுவதும் எளிது. பத்தாம் தேதி வாக்கில் எல்லாம் தெரிந்துவிட்டது. பேங்க் சார் காலைக் காபிக்கு முன்னால் பத்து ஆட்டம், பேப்பர் படித்தபின் பத்து ஆட்டம் என்று போய்க்கொண்டிருந்தார். மதியத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டதாக அவர் வீட்டம்மா என்னிடம் போனில் குறைப்பட்டுக்கொண்டார். தேனிப் பையன் அவரைத் துரத்தினான், ராத்திரி இரண்டு மணி வரைக்கும். நர்ஸ் மூன்று நாள் ஆடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வேலை இல்லாதவங்களுக்கான போட்டி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை, சிரிக்கிற பொம்மை போட்டுத்தான் சொன்னார். ஆனால் சரியாகச் சொன்னார். நான் செஸ்ஸை அளப்பதாக நினைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தை அளந்திருந்தேன்.

சரி, எண்ணிக்கை வேண்டாம், முன்னேற்றத்தை அளப்போம் என்று அடுத்த மாதம் ரேட்டிங் (ஒருவரின் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உயர்வைப் பிடித்தேன். மாதத் தொடக்கத்தில் இருந்த ரேட்டிங்குக்கும் கடைசியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். கேட்க அழகாக இருந்தது. முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் அவரவர் இடத்திலிருந்து ஏறினால் போதும். இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது குழுதான்.

முதலாவது, புதுக் கணக்கு. லிச்செஸ்ஸில் யார் புதிதாக வந்தாலும் ரேட்டிங் 1500ல் தொடங்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். க்ளிக்கோ 2 என்ற கணக்கு முறை அது. இந்த ஆளைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது என்பதைத்தான் அந்தக் கேள்விக்குறி சொல்கிறது. தெரியாத வரைக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரேட்டிங் தவளை மாதிரி தாவும். அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் ஒரே வாரத்தில் நானூறு புள்ளி ஏறினார். அவர் முன்னேறவே இல்லை, ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருந்தார். தளம் அவரைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஓட்டை கொஞ்சம் வெட்கக்கேடு. நான் சவாலை ஐந்து நாள் முன்னதாகவே அறிவித்துவிட்டேன். அறிவித்ததற்கும் முதல் தேதிக்கும் நடுவில் இரண்டு பேருடைய ரேட்டிங் கிடுகிடுவென்று இறங்கியது. நாலாம் நகர்த்தலில் ராணியைக் கொடுப்பது, ஏழாம் நகர்த்தலில் ஆட்டத்தை விடுவது. கீழே இறங்கி நின்றுகொண்டால் ஏறுவது சுலபம்தானே.

அவர்களைத் திட்டத்தான் முதலில் தோன்றியது. அப்புறம் 2012 லண்டன் ஒலிம்பிக் ஞாபகம் வந்தது. பெண்கள் இரட்டையர் பேட்மின்டனில் நான்கு ஜோடிகளை வெளியேற்றினார்கள்: சீனா ஒன்று, இந்தோனேசியா ஒன்று, தென்கொரியா இரண்டு. ஜெயிக்க வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சர்வீஸை வலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள், அரங்கமே கூச்சல் போட்டது. குழுச் சுற்றில் தோற்றால் அடுத்த சுற்றில் தோதான எதிரி கிடைப்பார் என்று அட்டவணை அமைந்திருந்தது. ஆடியவர்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் தோற்றால் லாபம் என்று ஓர் அட்டவணை போட்டுவிட்டு, தோற்கிறார்களே என்று அதிர்ச்சியடைவதும் ஒரு மாதிரி நடிப்புதான். நானும் அந்த அட்டவணையைப் போட்டவன் இடத்தில்தான் நின்றேன். இப்போதெல்லாம் அறிவிப்பு வரும் நாளுக்கு ஒரு வாரம் முந்தைய ரேட்டிங்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன். எந்த நாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கேள்விக்குறி உள்ள கணக்குகள் ஆடலாம், பட்டியலில் வராது.

மூன்றாம் மாதம்தான் ஞாயிறு ஆறு மணி. லிச்செஸ்ஸில் அரீனா என்று ஒரு போட்டி வகை உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு ஓடும், ஓர் ஆட்டம் முடிந்தால் உடனே அடுத்தது. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. தொடர்ந்து இரண்டு ஜெயித்தால் பெயர் பக்கத்தில் தீ பற்றிக்கொள்ளும், அதன்பின் வெற்றி தடைபடும் வரை புள்ளிகள் இரட்டிப்பு. ஆட்டம் தொடங்கும்போது பெர்சர்க் பொத்தானை அழுத்தினால் உங்கள் கடிகாரம் பாதியாகும், ஜெயித்தால் ஒரு புள்ளி கூடுதல். நிஜமாகவே பரபரப்பான ஏற்பாடு, மறுக்கவே முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தொடர்ந்து நான்கு ஜெயித்து ஐந்தாவதில் தோற்கிறார்: 2, 2, 4, 4, 0, மொத்தம் 12. இன்னொருவர் இரண்டு ஜெயித்து, ஒன்று தோற்று, மறுபடி இரண்டு ஜெயிக்கிறார்: மொத்தம் 8. இருவருமே ஐந்துக்கு நான்கு. பலமானவர் தொடர்ச்சியாக ஜெயிப்பார், அவருக்குத்தான் தீ பற்றும். உள்ளவனுக்கே மேலும் சேரும் கணக்கு இது. உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் மோதும் இடத்தில் இது சுவாரசியம். அறுபது பேர் குழுவில் முதல் மூன்று இடம் ஒவ்வொரு முறையும் அதே மூன்று பேர். மற்ற ஐம்பத்தேழு பேருக்கு அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

இதெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள்தான் டீச்சரின் செய்தி வந்தது. புள்ளிக் கணக்கில் எங்கே அநியாயம் இருக்கிறது என்று கால்குலேட்டரோடு தேடிக்கொண்டிருந்தேன். அது கடிகாரத்தில் இருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார முடிகிறவர்கள் யார் என்று பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அன்று ஆடிய இருபத்திரண்டு பேரில் பெண்கள் ஒருவர்தான். அவரும் விடுதியில் இருக்கும் மாணவி.

இடையில் ஒரு சம்பவம். சொல்லாமல் விட்டால் எனக்கு உறுத்தும். கூப்பன் பரிசு மூன்றாம் மாதமும் இருந்தது. ஒரு பையன் திடீரென்று பிரமாதமாக ஆடினான். ஆட்டத்துக்குப் பின் தளத்தின் கணினி அலசல் அவனுக்கு 97 சதவீதத் துல்லியம் கொடுத்தது. எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) வைத்து ஆடுகிறாயா என்று அவனிடம் கேட்டேன். தனியாகத்தான் கேட்டேன், ஆனாலும் கேட்டுவிட்டேன். அவன் பதில் போடாமல் குழுவை விட்டு விலகிவிட்டான். அப்புறம் நிதானமாக அந்த ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தால், பன்னிரண்டாம் நகர்த்தலில் எதிராளி யானையைச் சும்மா கொடுத்திருக்கிறார். அதற்குப்பின் அடுத்தடுத்துக் காய்களை மாற்றிக்கொண்டே போனால் போதும், நானே 97 வாங்குவேன். ஒரே ஓர் ஆட்டத்தின் துல்லியத்தை வைத்து யாரையும் சந்தேகப்படக்கூடாது என்பது எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் கேட்டதற்குக் காரணம் அந்த 500 ரூபாய்தான். பரிசு என்று ஒன்று இருந்ததும் நான் காவல்காரன் ஆகிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து கூப்பன் கிடையாது. அவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை.

நாலாம் மாதம் பிங்கோ தாள். பதினாறு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு செயல். குதிரையால் மேட் வைப்பது, ஆன் பாஸான் வெட்டு (இரண்டு கட்டம் தாவி வந்த சிப்பாயை அடுத்த நகர்த்தலிலேயே பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது), ராணியை இழந்தபின் டிரா, சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் ராணியாக்காமல் வேறு காயாக்குவது, இப்படி. ஒருவருக்கு மொத்தம் முப்பது ஆட்டம்தான், எந்த நேரத்திலும் ஆடலாம். இது பற்றிக்கொண்டது. விட்டுப்போன நர்ஸ் திரும்பி வந்தார். தன் மூன்று விடுமுறை நாளில் ஒன்பது கட்டம் நிரப்பி, தாளின் படத்தைப் போட்டு, அந்தக் குதிரை மேட் எப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுதினார். பட்டியலில் முதலிடம் வரவே முடியாதவர்களுக்கு, வேறு எதையாவது காட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது போல. தேனிப் பையன் ராணி ஆக்கினால் அடுத்த நகர்த்தலில் மேட் என்ற நிலையில் கட்டத்துக்காகக் குதிரை ஆக்கி, கடைசியில் தோற்றே போனான். அந்த ஆட்டத்தை ஒரு வாரம் எல்லோரும் பேசிச் சிரித்தோம்.

ஆனால் பதினாலாவது கட்டத்தில் நான் எழுதியிருந்தது: எண்பது நகர்த்தலுக்கு மேல் போன ஆட்டத்தில் வெற்றி. எண்ட்கேம் என்கிற, காய்கள் குறைந்த கடைசிப் பகுதியைப் பொறுமையாக ஆடுவதை ஊக்குவிக்கலாம் என்ற நல்லெண்ணம்.

நாமக்கல்காரர் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு இணைப்பு அனுப்பினார். திறந்து பார்த்தேன். இருபத்தொன்பதாம் நகர்த்தலில் மேட் இருக்கிறது. எதிரே வெறும் ராஜா மட்டும். இவரிடம் ராணி, ஒரு யானை, ஒரு சிப்பாய். மேட் வைக்காமல் யானையை முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்குமாக நடத்துகிறார். மேலே, கீழே, மேலே, கீழே. ஐம்பது நகர்த்தல் வரை சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருந்தால் எதிராளி டிரா கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. மனிதர் அதையும் யோசித்து வைத்திருக்கிறார். அறுபத்து மூன்றாம் நகர்த்தலில் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி எண்ணிக்கையைப் புதிதாக்கிக்கொண்டார். எண்பத்தொன்றில் மேட். எதிரே ஆடியவர் எங்கள் குழு இல்லை, எந்த ஊர்க்காரரோ. தோல்வியை ஒப்புக்கொண்டு போயிருக்கலாம். ஸ்டேல்மேட் (செக் இல்லை, நகர்த்தவும் வழியில்லை, அதனால் டிரா) ஆகித் தப்பிப்போம் என்று நம்பி உட்கார்ந்திருப்பார். நாற்பதாம் நகர்த்தலில் உரையாடல் பெட்டியில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஐம்பத்தைந்தில் "ப்ளீஸ்" என்று ஒரு சொல்.

நாமக்கல்காரர் நல்ல மனுஷன். என் விதியைத்தான் அவர் நிறைவேற்றினார். அந்த "ப்ளீஸ்" எனக்கு வந்து சேர வேண்டியது.

அன்று முதல் ஒரு சவாலை எழுதியதும் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். இந்தக் கட்டத்தை ஒருவர் நிரப்பப் பாடுபடும்போது எதிரே இருப்பவருக்கு என்ன ஆகிறது? குதிரை மேட் முயற்சி என்றால் எதிராளிக்கும் சுவாரசியம். ஆட்டத்தை இழுத்தடிப்பது, வேண்டுமென்றே காயைக் கொடுப்பது என்றால் அவருடைய பத்து நிமிடம் நம் குழுவின் பொழுதுபோக்குக்குப் போகிறது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் சவால் ஆட்டங்களை எங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம்.

ஒரு மாதம் செஸ்960 வைத்தோம். பாபி ஃபிஷர் 1996ல் பியூனஸ் அயர்ஸில் அறிவித்த வகை. பின்வரிசைக் காய்கள் குலுக்கிப் போட்டு வைக்கப்படும், 960 விதமான தொடக்க நிலைகள். நாம் வழக்கமாக ஆடுவது அதில் 518ஆம் எண், அவ்வளவுதான். நாற்பது வருடமாக ரூய் லோபஸ் என்ற தொடக்கம் ஒன்றையே ஆடிவரும் பேங்க் சாருக்கு முதல் வாரம் கடும் கோபம். "வீட்டுக்குள்ள நுழைஞ்சா சமையல்கட்டு வாசல்ல இருக்கு தம்பி" என்றார். மனப்பாடத் தொடக்கம் எதுவும் உதவாததால் தேனிப் பையனும் அவரும் ஒரே இருட்டில் தடவினார்கள். மாதக் கடைசியில், இதை மறுபடி எப்போது வைக்கப்போகிறாய் என்று கேட்டதும் அவர்தான்.

இப்போது நடைமுறையில் இருப்பதற்கு வருகிறேன். மாதத்துக்கு ஒருவருக்குப் பன்னிரண்டு ஆட்டம், வாரத்துக்கு மூன்று எதிராளிகள். யாரோடு யார் என்று கணினி குலுக்கும். எந்த நாள், எத்தனை மணி என்பதை அந்த இரண்டு பேரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டில் சிறந்த எட்டு மட்டும் கணக்கில் வரும். கரண்ட் போனது, குழந்தை அழுதது, நெட் படுத்துக்கொண்டது என்பதெல்லாம் மிச்சம் நான்கில் போய்விடும். இந்த ஒன்றைச் செய்ததும் எனக்கு வரும் புகார்கள் பாதியாகக் குறைந்தன. யாருக்கும் விலக்கு கொடுக்க வேண்டாம், காரணம் கேட்க வேண்டாம், நம்பலாமா கூடாதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

புள்ளி கொடுப்பது எதிர்பார்ப்பை வைத்து. அர்பாட் ஈலோ வகுத்த ரேட்டிங் கணக்கின்படி இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவரிடம் நூறு ஆட்டத்தில் 76 புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) எதிர்பார்க்கலாம், 400 வித்தியாசம் என்றால் 91. நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். 400 குறைவாக உள்ளவர் ஜெயித்தால் அவருக்கு 91, மேலே உள்ளவர் ஜெயித்தால் வெறும் 9. டிரா என்பது பாதி, அதாவது 50; அதில் எதிர்பார்த்த 9 போக கீழே உள்ளவருக்கு 41, மேலே உள்ளவருக்கு அதே 41 கழிவு. பெரிய ஆட்டக்காரர்கள் சின்னவர்களைத் தவிர்ப்பார்களே என்பதால்தான் எதிராளியை நாமே தேர்ந்தெடுக்க முடியாது என்று வைத்தது.

தேனிப் பையன் இதைப் படித்துவிட்டு, "அண்ணா, சுத்தி வளைச்சு ரேட்டிங்கையே திரும்பக் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றான். உண்மைதான். ஒரு வித்தியாசம் உண்டு: அந்த மாதத்துக்கென்று எடுத்துக்கொண்ட ரேட்டிங் மாதம் முழுக்க அசையாது. அதனால் வேகமாக முன்னேறுகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் சலுகை இருக்கிறது. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். பதினைந்து வயதுப் பையன் ஒரு மாதத்தில் அறுபது வயதுக்காரரைத் தாண்டிப் போனால் அதைக் கொண்டாடிவிட்டுப் போகலாமே. பேங்க் சார் இதில் மாறுபடுகிறார்.

பரிசு இப்போது ஒன்றே ஒன்று: அடுத்த மாதச் சவாலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அது முதலிடத்துக்குக் கிடையாது, பட்டியலின் நட்டநடுவில் நிற்பவருக்கு. முதலிடத்துக்குக் கொடுத்தபோது அவர் தனக்குத் தோதான ஆட்டமாகவே தேர்ந்தெடுத்தார். கடைசி இடத்துக்குக் கொடுத்தால் கடைசி இடத்துக்குப் போட்டி வரும் என்று எனக்குத் தெரியும். நட்டநடுவைக் குறிவைத்து ஆட யாராலும் முடியவில்லை. இதுவரைக்கும்.

போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றே முக்காலுக்குத் தூக்கம் வராமல் தளத்தைத் திறந்தேன். டீச்சரும் நர்ஸும் ஆடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வீட்டில் எல்லோரும் படுத்திருப்பார்கள், நர்ஸுக்கு டியூட்டியில் கொஞ்சம் ஓய்ந்த நேரம். பதினெட்டாம் நகர்த்தலில் நர்ஸின் முறை. கடிகாரம் ஓடுகிறது, நகர்த்தல் வரவில்லை. யாரோ பெல் அடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம், நான்கு, மூன்று. லிச்செஸ்ஸில் எதிராளிக்குப் பதினைந்து விநாடி சேர்த்துக் கொடுக்க ஒரு பொத்தான் உண்டு. பலர் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். டீச்சர் அதை அழுத்த ஆரம்பித்தார். கூட்டல் பதினைந்து, கூட்டல் பதினைந்து என்று உரையாடல் பெட்டியில் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது. கடிகாரம் மறுபடி ஆறு நிமிடத்துக்கு ஏறி, திரும்ப இறங்கி, திரும்ப ஏறியது. நர்ஸ் வந்து மந்திரியை நகர்த்தியபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. முப்பத்தி நாலாம் நகர்த்தலில் டீச்சர் தோற்றார்.

நேரம் கொடுப்பது விதிப்படி சரியா என்று மறுநாள் ஒருவர் குழுவில் கேட்டார். அதற்கு விதி எழுத நான் மாட்டேன் என்றேன்.

இந்த மாதம் நட்டநடு நர்ஸுக்கு விழுந்தது. பதினைந்து நிமிடமும் நகர்த்தலுக்குப் பத்து விநாடியும் கொண்ட நிதான ஆட்டம், கூடவே எட்டு கட்ட பிங்கோ. நேற்று இரவு விதிகளைப் போட்டேன். இன்று காலை ஐந்தே முக்காலுக்கு பேங்க் சாரிடமிருந்து செய்தி: "தம்பி, நாலாவது விதியில ஒரு ஓட்டை இருக்கு. இப்பவே சொல்லவா, ஆடிட்டுச் சொல்லவா?"

ஆடிட்டே சொல்லுங்க சார் என்று போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.